புளியந்தோப்பு மாடியிலிருந்து எண்ணூர்ச் சாம்பல் வரை

புளியந்தோப்பு நெடுஞ்சாலையில் எங்கே நின்று அண்ணாந்து பார்த்தாலும் இரண்டு மூன்று ஆன்டெனா கம்பங்கள் கண்ணில் படும். அரை கிரவுண்ட் மனையில் மூன்று மாடி; தரைத்தளத்தில் கடை, மேலே வாடகைக் குடித்தனங்கள், மொட்டை மாடி செல்போன் டவருக்கு. வெள்ளைப் பலகைகளாக ஆன்டெனாக்கள் மூன்று திசை பார்த்து நிற்கும். அவற்றின் காலடியில், கம்பத்தோடு போல்ட் போட்டு இறுக்கிய சாம்பல் நிறப் பெட்டி. அதன் முதுகு முழுக்க மெல்லிய அலுமினியத் தகடுகள் வரிசையாக நீட்டிக்கொண்டிருக்கும். பொழுது சாய்ந்து மாடித் தரை ஆறிய பிறகும் அந்தத் தகடுகள் ஆறுவதில்லை. உள்ளே இருக்கும் பவர் ஆம்ப்ளிஃபையர், வாங்கிய மின்சாரத்தில் அலையாக மாற்ற முடியாததை வெப்பமாக வெளியே தள்ளிக்கொண்டே இருக்கிறது. இந்தப் பயணம் அந்தத் தகடுகளில் தொடங்கி, மின்சாரம் வந்த வழியே பின்னோக்கிப் போகிறது: பேசின் பிரிட்ஜ், ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எர்ணாவூர், எண்ணூர், கொசஸ்தலை ஆற்றுக்கு அக்கரையில் அத்திப்பட்டு. ஏறத்தாழ 20 கிலோமீட்டர். செல்போன் டவர்களின் மின்செலவைப் பற்றி நம் நாட்டில் இதுவரை பேசியதில் பெரும்பகுதி, மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பதைச் சுற்றியே இருந்திருக்கிறது: டீசலா, சூரியத் தகடா, ஈ.பி. லைனா என்று. வடசென்னை மாதிரி நெருக்கடியான இடத்தில் முதலில் கேட்க வேண்டியது, அது போய்ச் சேரும் கடைசிப் பெட்டியில் என்ன ஆகிறது என்பதைத்தான். அங்கே மிச்சம் பிடிக்கும் ஒவ்வொரு வாட்டும் பின்னால் இருக்கும் எல்லாக் கட்டங்களிலும் பெருகும். அதன் பலன் முதலில் வந்து சேர்வதும் இந்த ஊர்களுக்குத்தான்.

பழைய வகை பேஸ் ஸ்டேஷனை எடுத்துக்கொள்வோம். ஆம்ப்ளிஃபையர் ஏசி போட்ட சின்ன அறைக்குள் இருக்கும். அங்கிருந்து தடித்த கேபிள் கம்பத்தில் ஏறி ஆன்டெனாவைத் தொடும். 2010இல் தொடங்கி 2012 வரை ஐரோப்பாவில் நடந்த ‘எர்த்’ என்ற ஆய்வுத் திட்டம் இந்த அமைப்புக்கு ஒரு கணக்குப் போட்டது. துறைக்காரர்கள் இன்றும் அதைத்தான் எடுத்துக்காட்டுகிறார்கள். ஆன்டெனாவிலிருந்து 20 வாட் அலை கிளம்ப வேண்டுமானால் ஆம்ப்ளிஃபையர் 40 வாட் தர வேண்டும். பாதி கேபிளிலேயே கரைந்துவிடும். அந்த 40 வாட்டைத் தர அது 128 வாட் மின்சாரம் குடிக்கும். சிக்னலைத் தயார்செய்யும் சுற்றுகள், குளிரூட்டல், ரெக்டிஃபையர் எல்லாவற்றையும் சேர்த்தால் 224 வாட். மூன்று திசை, திசைக்கு இரண்டு என்று ஆறு ஆம்ப்ளிஃபையர் வைத்தால், 120 வாட் அலைக்கு 1,344 வாட் மின்சாரம். நூற்றுக்கு ஒன்பதுகூடத் தேறவில்லை. அதைவிட மோசம், யாருமே பேசாமல் யாருமே வீடியோ பார்க்காமல் இருக்கும்போதும் 780 வாட் போய்க்கொண்டே இருக்கும் என்பது. அதே ஆம்ப்ளிஃபையரை மேலே தூக்கி ஆன்டெனாவின் காலடியிலேயே மாட்டிவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் அந்தக் கணக்கில் விடை இருக்கிறது: 224 வாட் 140 ஆகிறது, ஆறுக்கும் சேர்த்து 1,344 என்பது 840க்கு இறங்குகிறது. கேபிளில் கரைவது நின்றுபோகிறது, ஏசி தேவையில்லாமல் போகிறது, அவ்வளவுதான். ஆர்.ஆர்.யு. என்று சைட் ஆட்கள் சொல்லும் புளியந்தோப்புச் சாம்பல் பெட்டி இந்த வகையைச் சேர்ந்தது. இதனால் கதிர்வீச்சு கூடுமா குறையுமா என்று மாடி வீட்டுக்காரர்கள் கேட்பதுண்டு. வெளியே போகும் அலை அதே 20 வாட்தான். குறைவது வீணாகும் வெப்பம் மட்டும். கதிர்வீச்சு வரம்பை 2012 செப்டம்பர் 1 முதல் சர்வதேச அளவில் பத்தில் ஒரு பங்காக இந்தியா இறுக்கிவிட்டது. அது தனி விவாதம்.

ஆம்ப்ளிஃபையர் ஏன் இவ்வளவு ஊதாரியாக இருக்கிறது? சென்னையில் செல்போன் சேவை தொடங்கிய 1995இல் வந்த ஜி.எஸ்.எம். சிக்னல் ஒரே வீச்சில் போகும். ஆம்ப்ளிஃபையரை அதன் எல்லைவரை முடுக்கி ஓட்டலாம். 4ஜி அப்படியில்லை. 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் 1,200 துணை அலைகள் ஒன்றாகக் கிளம்புகின்றன. பெரும்பாலான கணங்களில் ஒன்றை ஒன்று தணித்துக்கொள்ளும். எப்போதாவது எல்லாம் ஒரே பக்கம் சேர்ந்துவிட்டால் சிக்னல் சராசரியைப் போல எட்டு, பத்து மடங்குக்கு எகிறும். அந்த எகிறலை வெட்டினால் சிக்னல் கெடும், பக்கத்து அலைவரிசைக்காரனுக்கும் தொல்லை. ஆகவே பத்து மடங்கு உச்சத்துக்குத் தாங்கும் ஆம்ப்ளிஃபையரை வைத்து, அதை எப்போதும் ஒரு பங்கில் ஓட்ட வேண்டியிருக்கிறது. பி வகுப்பு ஆம்ப்ளிஃபையரின் கோட்பாட்டு உச்சத் திறன் 78.5 சதவீதம், அது முழு வீச்சில் மட்டும். பத்தில் ஒரு பங்கு வாட்டுக்கு இறக்கினால் அதே ஆம்ப்ளிஃபையர் 25 சதவீதத்துக்கு விழுந்துவிடும். இதற்கான மருந்து புதியதும் அல்ல. 1936இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் வில்லியம் டோஹர்ட்டி, வானொலி ஒலிபரப்பிக்காக ஓர் அமைப்பை உருவாக்கினார். சென்னையில் அகில இந்திய வானொலி நிலையம் வருவதற்கு இரண்டு ஆண்டு முந்தைய சங்கதி. இரண்டு ஆம்ப்ளிஃபையர், ஒன்று எப்போதும் வேலை செய்யும், மற்றது உச்சம் வரும் கணத்தில் மட்டும் கைகொடுக்கும். உச்ச வாட்டில் கால் பங்கிலும் முதல் ஆம்ப்ளிஃபையர் தன் முழுத் திறனில் ஓடும். வால்வு காலத்து யோசனை; அறுபது எழுபது ஆண்டு கழித்து செல்போன் டவருக்குள் நுழைந்தது. இன்று காலியம் நைட்ரைடு டிரான்சிஸ்டரோடு சேரும்போது, வாங்கும் மின்சாரத்தில் பாதியைத் தொடும் அளவுக்கு அலையாக்குகிறது. டோஹர்ட்டி அமைப்பு சிக்னலைக் கொஞ்சம் கோணலாக்கும். அந்தக் கோணலை முன்கூட்டியே கணித்து, சிக்னலை எதிர்ப்பக்கம் கோணலாக்கி உள்ளே அனுப்பும் கணக்கீட்டுச் சில்லும் கூடவே வேண்டும். அந்தச் சில்லும் சில வாட் தின்னும். பெரிய டவரில் அது கட்டுப்படியாகும், சின்னப் பெட்டியில் கட்டுப்படியாகாது. ‘எல்லா இடத்துக்கும் இதையே போடு’ என்று சொல்லும் விற்பனைப் பிரதிநிதியிடம் கேட்க வேண்டிய கேள்வி இது.

புளியந்தோப்பிலிருந்து சற்று தள்ளியதும் பேசின் பிரிட்ஜ். மெட்ராஸ் எலக்ட்ரிக் சப்ளை கார்ப்பரேஷன் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கேதான் நகரத்துக்கு மின்சாரம் எடுத்தது. அதே வட்டாரத்தில் 1996 முதல் 120 மெகாவாட் எரிவாயுச் சுழலி நிலையம். நகரத்துக்கு வெளிச்சம் தரும் வேலை நூறாண்டுக்கு மேலாக வடசென்னையின் தலையில்தான் விழுந்திருக்கிறது. சூரியத் தகடு வைத்தால் இந்தப் பாரம் இறங்கிவிடாதா என்பது நியாயமான மறுப்பு. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2011இல் பரிந்துரைத்து, தொலைத்தொடர்புத் துறை 2012இல் பிறப்பித்த உத்தரவும் அதைத்தான் சொன்னது: 2015க்குள் கிராமப்புற டவர்களில் பாதியும் நகர்ப்புற டவர்களில் 20 சதவீதமும், 2020க்குள் முறையே 75, 33 சதவீதமும் புதுப்பிக்கத்தக்க மின்சாரமும் சேர்ந்த கலப்பு மின்சாரத்துக்கு மாற வேண்டும். நோக்கம் நல்லது. புளியந்தோப்பில் கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு மூன்று நிறுவனங்கள் பங்கிடும் ஒரு மாடி டவர் இடைவிடாமல் 2 கிலோவாட் இழுப்பதாக வைத்துக்கொண்டால் நாளுக்கு 48 யூனிட். ஒரு கிலோவாட் சூரியத் தகடு நம் ஊர் வெயிலில் நாளுக்கு நான்கு யூனிட் தரும். ஆக 12 கிலோவாட் வேண்டும். கிலோவாட்டுக்கு நிழல் விழாத நூறு சதுர அடி. மொத்தம் 1,200 சதுர அடி; அரை கிரவுண்ட் என்பதே அவ்வளவுதான். துணி காயப்போடும் கொடி, தண்ணீர்த் தொட்டி, பக்கத்து வீட்டு நாலாவது மாடியின் நிழல் எல்லாவற்றுக்கும் போக மிஞ்சுவது என்ன? உத்தரவே நகரத்துக்குக் குறைந்த இலக்கு வைத்ததற்கு ஒரு காரணம் இங்கே கண்ணெதிரே இருக்கிறது. இழுக்கும் வாட்டைக் குறைத்தால்தான் இங்கே சூரியத் தகட்டுக்கே அர்த்தம் வரும்.

ராயபுரம் ரயில் நிலையம் 1856இல் கட்டியது. அதைத் தாண்டிக் காசிமேடு. மற்ற ஊர்கள் தூங்கும் இரண்டு மணிக்கு இங்கே மீன் ஏலம் களைகட்டும். கூடை விலையைக் கடையில் காத்திருப்பவரிடம் போனில் சொல்லிக்கொண்டே வியாபாரி ஏலம் கேட்பார். அதனால்தான், இரவில் டவரைத் தூங்கவைத்து மிச்சம் பிடிக்கலாம் என்ற யோசனைக்கு எதிரான வலுவான வாதம் இந்த ஊரிலிருந்தே கிளம்புகிறது. துறைமுகத்துக்கு இரவு பகல் கிடையாது, மணலியிலும் எண்ணூரிலும் ஷிஃப்ட் மாறும் நேரம் வேறு, நள்ளிரவில் ஒருவருக்கு ஆம்புலன்ஸ் கூப்பிட வேண்டியிருக்கும். அலுவலகப் பகுதிக்கு வகுத்த ‘பன்னிரண்டு முதல் ஐந்து வரை’ அட்டவணையைக் காசிமேட்டில் போட்டால் தப்புதான். தப்பு தூக்கத்தில் இல்லை, கடிகாரத்தில் இருக்கிறது. ஆம்ப்ளிஃபையரைக் கடிகாரம் பார்த்து நிறுத்த வேண்டிய அவசியமே கிடையாது. அந்தந்தத் திசையில் அந்த நேரத்தில் எவ்வளவு பேச்சு, எவ்வளவு டேட்டா என்று டவருக்கே தெரியும். ஒரு அலைவரிசையை விழிப்பாக வைத்து, கூடுதல் கொள்ளளவுக்காகப் போட்ட மற்ற அலைவரிசைகளை மட்டும் இறக்கினால் யாருடைய அழைப்பும் அறுபடாது. ஏலம் தொடங்கியதும் அவை எழுந்துவிடும்.

காசிமேட்டிலிருந்து எண்ணூர் விரைவுச் சாலை. கன்டெய்னர் டிரெய்லர்கள் துறைமுக வாசலை எதிர்பார்த்து வரிசையில் நிற்கும். நகர்வதோ பத்தடி, என்ஜின் மட்டும் மணிக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும். 4ஜி ஆம்ப்ளிஃபையரின் நிலையும் இதுதான். அந்தத் தொழில்நுட்பம் வகுத்தபடி, போன்கள் டவரைக் கண்டுகொள்வதற்கான அடையாள சிக்னலை ஒவ்வொரு மில்லிசெகண்டிலும் பல முறை அனுப்பியாக வேண்டும். ஆம்ப்ளிஃபையருக்குக் கண்ணயர நேரம் இல்லை. சிக்னல் துணுக்குகளுக்கு நடுவே மில்லிசெகண்டில் சிறு பங்குக்கு அணைத்து எழுப்பும் வித்தையைப் பின்னால் கண்டுபிடித்தார்கள். அதுவும் கொஞ்சம் மிச்சம் தருகிறது. 5ஜியை வகுத்தவர்கள் இந்தப் பாடத்தைக் கற்றிருந்தார்கள். அதில் அடையாள சிக்னல் வழக்கமாக 20 மில்லிசெகண்டுக்கு ஒரு முறை வந்தால் போதும். நடுவில் வேலை இல்லையென்றால் ஆம்ப்ளிஃபையரை அணைத்துவைக்கலாம். அப்படியானால் 5ஜி வந்ததோடு பிரச்சினை முடிந்ததா? நிறுவனங்களின் விளம்பரங்கள் அப்படித்தான் பேசுகின்றன: ஒரு ஜிகாபைட்டுக்கு ஆகும் மின்சாரம் பல மடங்கு குறைவு என்று. அந்தக் கூற்று பொய்யல்ல. ஆனால் மாடிக்கு வரும் மின்கம்பி ஜிகாபைட்டை எண்ணுவதில்லை, வாட்டைத்தான் எண்ணுகிறது. 5ஜியின் பெரிய ஆன்டெனாப் பலகைக்குள் 64 சிறு ஆம்ப்ளிஃபையர்கள் இருக்கும். அதை மாட்டியவர்கள் பழைய 4ஜி, 2ஜி பெட்டிகளைக் கழற்றுவதும் இல்லை. தூங்கத் தெரிந்த இயந்திரத்தை வாங்கி, தூக்கமே கொடுக்காமல் ஓட்டினால் மிச்சம் காகிதத்தில் மட்டும்தான் இருக்கும். அந்த வசதியை முடுக்கிவிடுவது மென்பொருளில் ஓர் அமைப்பு மாற்றம். வேகம் குறைந்துவிட்டதாகப் புகார் வந்துவிடுமோ என்ற பயம் வந்தால் முதலில் அணைப்பதும் அதைத்தான்.

திருவொற்றியூர் தாண்டி எர்ணாவூர்ப் பக்கம் வந்தால் 2023 டிசம்பர் நினைவுக்கு வராமல் போகாது. மிக்ஜாம் புயல் 3, 4 தேதிகளில் கொட்டிய மழையில் புளியந்தோப்பு, பட்டாளம், வியாசர்பாடி எல்லாம் தண்ணீரில் நின்றன. எண்ணூர்ப் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் வீட்டுக்குள் வந்தது. மின்சாரம் பாதுகாப்புக்காக நிறுத்தப்பட்டது, பல தெருக்களில் நாள் கணக்கில் திரும்பவில்லை. கூடவே சிக்னலும் போயிற்று. அரிசியும் பாலும் கேட்டுப் படகுக்காரனைக் கூப்பிடவும் வழியில்லை. இந்த இடத்தில்தான் ஆம்ப்ளிஃபையரின் திறன் மின்கட்டண விவகாரம் என்ற வரம்பைத் தாண்டுகிறது. டவரின் அடியில் 48 வோல்ட், 600 ஆம்பியர்-மணி பேட்டரி பேங்க் ஒன்று இருப்பதாகக் கொள்வோம். அதில் பயன்படுத்தக்கூடியது 23 யூனிட் அளவு. 2 கிலோவாட் இழுத்தால் பதினோரு மணி நேரம் தாங்கும். பழைய அமைப்பிலிருந்து மேலே மாட்டிய அமைப்புக்கு மாறும்போது குறையும் அதே விகிதத்தில், 1.25 கிலோவாட்டாக்கினால் பதினெட்டு மணி நேரம். பேட்டரி மாறவில்லை, ஏழு மணி நேரம் கூடிவிட்டது. ஜெனரேட்டர் இருக்கிறதே என்பார்கள். முழங்காலுக்கு மேல் தண்ணீர் நிற்கும் தெருவில் தரையில் வைத்த ஜெனரேட்டருக்கு டீசல் கேனை யார் தூக்கி வருவது? வெள்ள நேரத்தில் அவசர அமைப்பு ஒன்றைத் தானாகவே செயல்படவைக்கலாம்: ஈ.பி. போன உடனே 5ஜியையும் கூடுதல் அலைவரிசைகளையும் அணைத்து, பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் ஒரே அலைவரிசையை விழிப்பாக வைத்தால் அந்தப் பதினெட்டு இன்னும் நீளும். படம் பார்க்க முடியவில்லை என்று அன்று யாரும் புகார் சொல்லப்போவதில்லை.

இதெல்லாம் பின்லாந்திலும் சீனாவிலும் செய்கிற பெட்டிகள், நாம் சொல்லி என்ன ஆகப்போகிறது என்ற சலிப்பு அடுத்த மறுப்பு. முதலில், பின்லாந்து நிறுவனம் ஒன்றின் 5ஜி ரேடியோக்களில் ஒரு பங்கு சென்னையை அடுத்த ஒரகடத்தில்தான் தயாராகிறது. இரண்டாவது, மின்சாரத்தை மனத்தில் வைத்து பேஸ் ஸ்டேஷன் வடிவமைத்த அனுபவம் இந்த நகரத்துக்கே உண்டு. 1990களில் சென்னை ஐ.ஐ.டி.யில் அசோக் ஜுன்ஜுன்வாலா குழுவினர், மைடாஸ் நிறுவனத்தோடு சேர்ந்து ‘கார்டெக்ட்’ என்ற கம்பியில்லாத் தொலைபேசி முறையை உருவாக்கினார்கள். அதன் பேஸ் ஸ்டேஷன் கம்பத்தில் மாட்டும் சின்னப் பெட்டி. உச்ச அலை கால் வாட். அதற்குத் தனி மின் இணைப்போ ஏசி அறையோ ஜெனரேட்டரோ கிடையாது. பேச்சைக் கொண்டுபோகும் தாமிரக் கம்பியிலேயே மின்சாரமும் போகும். செல்போனுக்கு அது ஈடாகாது. வீட்டில் பொருத்திய கருவிக்குத்தான், ஓடும் பஸ்ஸில் பேச முடியாது. சந்தையில் செல்போனிடம் தோற்றும் போயிற்று. ஆனால் டவரை வரைவதற்கு முன்பே ‘எத்தனை வாட்’ என்று கேட்டுவிட்டு வரைந்தவர்கள் அவர்கள். அந்த வழியில் இன்னொரு பாடமும் உண்டு. நெருக்கமான கட்டடங்களுக்கு நடுவே தூரம் இரட்டித்தால் தேவைப்படும் அலை பத்து மடங்குக்கு மேல் கூடும். தெருவிளக்குக் கம்பத்தில் மாட்டும் சிறு பெட்டிகள் சந்துகளில் லாபம் தருவது அதனால்தான். எல்லாச் சந்திலும் மாட்டினால் ஒவ்வொன்றும் சும்மா இருக்கும்போது தின்னும் வாட் சேர்ந்து கணக்கைக் கவிழ்த்துவிடும். கூட்டம் கூடும் சந்தைக்கும் பேருந்து நிலையத்துக்கும் மட்டும் என்று நிறுத்திக்கொள்வதே புத்தி.

எண்ணூரில் 450 மெகாவாட் அனல்மின் நிலையம் 2017 மார்ச்சில் மூடப்பட்டது. ஆற்றுக்கு அக்கரையில் வடசென்னை அனல்மின் நிலையம் 630 மெகாவாட், 1,200 மெகாவாட் என்று இரண்டு கட்டமாக ஓடுகிறது; 800 மெகாவாட்டில் மூன்றாவது கட்டம் 2024 மார்ச்சில் திறக்கப்பட்டது. பக்கத்திலேயே வல்லூரில் 1,500 மெகாவாட். குழாயிலிருந்து கசிந்த சாம்பல் பல ஆண்டுகளாகக் கொசஸ்தலை உப்பங்கழியில் படிந்திருக்கிறது. இறாலும் நண்டும் பிடித்த இடங்களில் சாம்பற்சேறு. செப்பாக்கம் கிராமம் சாம்பல் குளத்தை ஒட்டியே இருக்கிறது, காற்று அடித்தால் வீட்டுக்குள் சாம்பல். இங்கே நின்று புளியந்தோப்பு மாடியின் கணக்கைத் திருப்பிப் போடலாம். பழைய அமைப்பில் 20 வாட் அலைக்கு டவர் இழுத்த 224 வாட், வழியில் கம்பிகளில் போவதையும் சேர்த்தால் நிலைய வாசலில் ஏறத்தாழ 250. நிலக்கரி வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகும் என்பதால் 750 வாட் வெப்பம் எரிய வேண்டும். ஒரு யூனிட்டுக்கு முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவான நிலக்கரி, அதில் மூன்றில் ஒரு பங்கு சாம்பல். முழுவதும் நிலக்கரி மின்சாரமாக இருந்தால் நாளுக்கு 48 யூனிட் இழுக்கும் ஒரு மாடி டவரின் பங்கு பதினோரு கிலோ சாம்பல். தமிழ்நாட்டில் காற்றாலையும் நீர்மின்சாரமும் கலந்திருப்பதால் உண்மையான அளவு குறைவு; காற்று அடங்கிய இரவில் அந்தத் தள்ளுபடி சுருங்கும். மாநிலம் முழுவதும் செலவாகும் மின்சாரத்தில் டவர்களின் பங்கு சிறியது, ஏசியையும் ஆலைகளையும் விட்டுவிட்டு இதைப் பிடித்துக்கொண்டு தொங்குவானேன் என்று கேட்பார்கள். வீட்டு ஏசியை நான் எப்போது அணைப்பேன் என்பதை யாரும் எனக்காக முடிவு செய்ய முடியாது. டவர்களிலோ முடிவெடுப்பது நாலைந்து நிறுவனங்கள். ஒரு கொள்முதல் நிபந்தனை ஒரே நேரத்தில் பல்லாயிரம் ஆம்ப்ளிஃபையரை மாற்றும். அவ்வளவு சுலபமாகப் பிடிக்கக்கூடிய மிச்சம் வேறு துறையில் அரிது.

நிறுவனங்களுக்கே லாபம் என்றால் அவர்களே செய்துகொள்ள மாட்டார்களா என்பது மிச்சமிருக்கும் கேள்வி. ஓரளவு செய்கிறார்கள். ஆனால் டவர் ஒருவருடையது, ரேடியோ இன்னொருவருடையது. மின்கட்டணத்தை அப்படியே ரேடியோக்காரரிடம் வசூலிக்கும் ஒப்பந்தத்தில் டவர்காரருக்கு அக்கறை இல்லை. மாதத்துக்கு இவ்வளவு என்று நிலையான தொகை பேசிய ஒப்பந்தத்தில் ரேடியோக்காரருக்கு அக்கறை இல்லை. விற்பனைத் தாளிலும் முழுச் சுமையில் கிடைக்கும் திறனைத்தான் பெரிய எழுத்தில் போடுவார்கள். டவர் முழுச் சுமையில் ஓடுவது நாளில் சொற்ப நேரம். பி.எஸ்.என்.எல். தன் 4ஜி வலையை 2025 செப்டம்பரில் சொந்த நாட்டு ரேடியோக்களோடு நாட்டுக்கு அறிமுகம் செய்தது. அது மக்கள் பணத்தில் வாங்குகிற நிறுவனம், அதன் டெண்டர் பொது ஆவணம். அடுத்த டெண்டரில் இரண்டு வரி சேர்க்கட்டும்: பத்து சதவீதச் சுமையில் எத்தனை வாட், யாருமே பேசாதபோது எத்தனை வாட். இந்த இரண்டு எண்ணையும் எல்லா நிறுவனங்களும் வெளியிட வேண்டும் என்று டிராய் கேட்கட்டும். வெள்ளம் சூழும் வார்டுகளில் ஒவ்வொரு டவரும் ஈ.பி. இல்லாமல் எத்தனை மணி நேரம் நிற்கும் என்ற பட்டியலைச் சென்னை மாநகராட்சி வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே வாங்கி வைத்துக்கொள்ளட்டும். புளியந்தோப்பு மாமன்ற உறுப்பினர் அக்டோபரில் கேட்க வேண்டிய கேள்வி அது. டிசம்பரில் கேட்டுப் பயனில்லை.